140 வீடியோ இருக்கிறது, தேடினால் ஒன்றும் கிடைக்கவில்லை

கேள்வி:

கடலூரில் ஒரு கல்லூரியில் இளநிலை மாணவர்களுக்குக் கரிம வேதியியல் எடுக்கிறேன். 2020 ஊரடங்கில் வகுப்புகளைப் பதிவு செய்யத் தொடங்கினேன், அந்தப் பழக்கத்தை இன்றுவரை விடவில்லை. 2024 இறுதியில் ஃபெஞ்சல் புயலும் தென்பெண்ணை வெள்ளமும் வந்து கல்லூரி மூடிக் கிடந்த நாட்களில் அந்தப் பதிவுகள்தான் கைகொடுத்தன. இன்று 140 வீடியோக்கள் யூடியூபில் இருக்கின்றன, ஒவ்வொன்றும் ஏறக்குறைய 50 நிமிடம். ஆனால் தேர்வு நெருங்கினால் மாணவர்கள் வாட்ஸ்அப்பில் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "மேடம், எஸ்என்2 எந்த வீடியோல இருக்கு?" எஸ்என்2 என்பது ஒரு வேதிவினை வகை, அது எந்த வீடியோவில் என்று பல நேரம் எனக்கே தெரிவதில்லை. எல்லாவற்றையும் ஐந்தைந்து நிமிடமாக வெட்டிப் போடச் சொல்கிறார் சக ஆசிரியர் ஒருவர். பணம் கட்டி ஒரு ஏஐ மென்பொருள் வாங்கினால் அதுவே எல்லாம் பார்த்துக்கொள்ளும் என்கிறார் இன்னொருவர். என் வகுப்பில் காது சரியாகக் கேட்காத மாணவி ஒருவரும் இருக்கிறார். நான் எங்கிருந்து தொடங்குவது?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்:

அன்புள்ள ஆசிரியைக்கு, வணக்கம்.

புதுச்சேரியில் ஒரு கல்லூரி நூலகத்தில் 22 ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். புத்தகங்களுக்குப் பட்டியல் அட்டை எழுத வந்தவள் நான். ஊரடங்குக்குப் பிறகு எங்கள் ஆசிரியர்களின் வகுப்பு வீடியோக்களுக்கு அட்டவணை போடும் வேலையும் என் மேசைக்கு வந்துவிட்டது. உங்கள் கடிதத்தைப் படித்ததும் எங்கள் நூலகத்தில் பார்த்த ஒரு காட்சிதான் நினைவுக்கு வந்தது.

செமஸ்டர் தேர்வுக்கு முந்தைய வாரம். பாகூரிலிருந்து பஸ் பிடித்து வரும் ஒரு மாணவி என் எதிர் மேசையில் உட்கார்ந்து போனில் வகுப்பு வீடியோ ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்தாள் என்று சொல்வதைவிட, தள்ளினாள் என்று சொல்ல வேண்டும். கட்டைவிரலால் அந்தச் சிவப்புப் புள்ளியை முன்னே தள்ளுவாள், இரண்டு வினாடி நிற்பாள், மறுபடி பின்னால் இழுப்பாள். காதில் ஹெட்போன் இல்லை. எதைத் தேடுகிறாய் என்று கேட்டேன். "போர்டுல மேடம் ரெண்டு கட்டம் போட்டு எழுதுவாங்க மேம், பச்சைப் புடவை கட்டின அன்னிக்கு" என்றாள். கால் மணி நேரம் கழித்து அது வேறொரு வீடியோ என்று தெரிந்தது. அன்றைய டேட்டாவும் தீர்ந்துவிட்டது.

அவளிடமிருந்து நான் இரண்டு விஷயங்களைக் கற்றுக்கொண்டேன். நாம் வீடியோவுக்கு "அலகு 3, பகுதி 2" என்று பெயர் வைக்கிறோம். அவர்களோ புடவை நிறத்தையும் கரும்பலகையில் போட்ட கட்டத்தையும் அடையாளமாக வைத்திருக்கிறார்கள். அடுத்தது, அவர்கள் மொத்த வகுப்பையும் மறுபடி கேட்க வரவில்லை. அன்று புரியாமல் போன அந்த நான்கு நிமிடம் போதும்.

ஆகவே என் யோசனை இதுதான். வீடியோக்களை வெட்ட வேண்டாம், மறுபடி எடுக்க வேண்டாம், எதையும் காசு கொடுத்து வாங்கவும் வேண்டாம். அவற்றுக்கு ஒரு சொல்லடைவு, அதாவது எந்தச் சொல் எங்கே வருகிறது என்ற பட்டியல், எழுதுங்கள். பாடத்திட்டத்தின் சொல்லில் எழுதாமல், பிள்ளைகள் கேட்கும் சொல்லில் எழுதுங்கள்.

உங்கள் ஊருக்குத் தெற்கே, சிதம்பரம் தாண்டி, கொள்ளிடத்தைக் கடந்தால் சீர்காழி. 1892-ல் அங்கே பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் உங்களைப் போலவே கல்லூரி ஆசிரியராக இருந்தவர், கணிதம் சொல்லிக்கொடுத்தவர். 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராக ஆனார். 1931-ல் அவர் வகுத்த நூலகவியலின் ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. நூலகவியல் படித்த எல்லோருக்கும் அது மனப்பாடம். பாகூர் மாணவியின் கட்டைவிரலைப் பார்த்த அன்றுதான் அந்த விதி எனக்கு முழுதாகப் புரிந்தது.

வெட்டுவதைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் சக ஆசிரியர் சொன்னது ஆதாரம் இல்லாத பேச்சு அல்ல. எட்எக்ஸ் இணையப் பாடங்களில் 69 லட்சம் வீடியோப் பார்வைகளை ஆராய்ந்து 2014-ல் வெளியான ஆய்வு, வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும் மாணவர்கள் பொதுவாகப் பார்ப்பது ஆறு நிமிடத்தைத் தாண்டுவதில்லை என்று காட்டியது. ஆனால் அதைப் படித்துவிட்டு, ஏற்கெனவே எடுத்த வகுப்பைத் துண்டு போடக் கிளம்பினால் வேறு சிக்கல் வரும். ஒரு வினை வழிமுறையை நீங்கள் பதினோரு நிமிடம் தொடர்ச்சியாக விளக்கியிருப்பீர்கள். ஐந்தாவது நிமிடத்தில் வெட்டினால் அம்புக்குறி ஒரு வீடியோவிலும் அது போய்ச் சேரும் அணு இன்னொரு வீடியோவிலும் கிடக்கும். தவிரவும் 140 வீடியோ 1,400 வீடியோவாகும். அதற்கும் ஒரு அட்டவணை இல்லாமல் முடியாது. புதிதாக எடுக்கப் போகும் பாடங்களை வேண்டுமானால் சிறிதாகத் திட்டமிட்டு எடுங்கள்.

பழையவற்றுக்கு யூடியூபிலேயே வழி இருக்கிறது. வீடியோவின் கீழே டிஸ்கிரிப்ஷன் பகுதியில் நேரமும் தலைப்பும் வரி வரியாக எழுதினால் அது அத்தியாயங்களாகப் பிரிந்து, கீழே ஓடும் கோட்டில் துண்டு துண்டாகத் தெரியும். மூன்று நிபந்தனைகள் உண்டு. முதல் வரி 0:00 என்று தொடங்க வேண்டும், குறைந்தது மூன்று வரி இருக்க வேண்டும், ஒவ்வொரு பகுதியும் பத்து வினாடிக்குக் குறையாமல் நேர வரிசையில் வர வேண்டும். இதில் ஒன்று தவறினாலும் அத்தியாயம் தோன்றாது. "எழுதினேன், வரவில்லை" என்று என்னிடம் வரும் ஆசிரியர்களில் பெரும்பாலோர் முதல் வரியை 0:15 என்று தொடங்கியிருப்பார்கள்.

தலைப்பை எப்படி எழுதுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. எங்கள் கல்லூரியில் இப்படி ஒரு வீடியோ இருந்தது: "கருக்கவர் பதிலீட்டு வினைகள், தொடர்ச்சி". வேதியியல் துறைக்காரர்களோடு உட்கார்ந்து அதை இப்படி மாற்றினோம்:

0:00 போன வகுப்பில் விட்ட இடம்
4:10 எஸ்என்1-ல் இரண்டு படி, எஸ்என்2-ல் ஒரே படி, ஏன்?
13:25 எந்தக் கார்பன் நேரயனி அதிக நிலைப்புத்தன்மை உடையது
24:40 கரைப்பானை மாற்றினால் வேகம் ஏன் மாறுகிறது
36:05 எஸ்என்1, எஸ்என்2 வேறுபாடு, இரண்டு கட்டம் போட்ட போர்டு
47:30 வினாத்தாளில் வந்த 5 மதிப்பெண் கேள்வி

இரண்டாவது வரியைக் கவனியுங்கள். நான் வேதியியல் படித்தவள் அல்ல. எஸ்என்1 என்றால் ஒரு படி என்றுதான் நானும் நினைத்தேன். அந்த 1 படிகளின் எண்ணிக்கை இல்லை, வேகத்தை முடிவு செய்யும் படியில் பங்கெடுக்கும் மூலக்கூறுகளின் எண்ணிக்கை என்று துறைத்தலைவர் விளக்கினார். எனக்கு வந்த குழப்பம் வகுப்பில் பாதிப் பேருக்கு வந்திருக்கும். குழப்பத்தையே தலைப்பாக வைத்துவிட்டால் குழம்பியவர் நேரே அங்கே வந்து சேர்வார். ஐந்தாவது வரியில் இருக்கும் "இரண்டு கட்டம் போட்ட போர்டு" பாகூர் மாணவிக்காகவே சேர்த்தது.

இந்த அத்தியாயங்கள் ஒரு வீடியோவுக்குள் வழிகாட்டும். 140-ல் எது என்று காட்டத் தனியாக ஒரு கூகுள் ஷீட் வேண்டும். உங்கள் வீடியோக்கள் "அன்லிஸ்டட்" என்ற அமைப்பில் இருந்தால் யூடியூப் தேடலில் அவை வரவே வராது, லிங்க் வைத்திருப்பவர் மட்டுமே பார்க்க முடியும். ஆகவே எல்லோரும் வந்து தேடுகிற ஒரே இடமாக அந்த ஷீட் இருக்கட்டும். ஒரு தலைப்புக்கு ஒரு வரி. முதல் பத்தியில் பிள்ளைகள் கேட்கும் சொல், அடுத்ததில் பாடநூலின் சொல், அதற்கு அடுத்து அந்த நிமிடத்துக்கே போகும் லிங்க், கடைசியில் எந்த ஆண்டு வினாத்தாளில் எத்தனை மதிப்பெண்ணுக்கு வந்தது என்பது. கணினியில் வீடியோவை அந்த இடத்தில் நிறுத்தி "ஷேர்" அழுத்தினால் நேரத்தோடு லிங்க் எடுக்க ஒரு சின்னக் கட்டம் வரும். அதை டிக் செய்தால் போதும், வினாடிக் கணக்கு தானாகவே லிங்கில் சேர்ந்துவிடும்.

முதல் பத்தியை நிரப்ப நீங்கள் யோசிக்கவே வேண்டாம், உங்கள் வாட்ஸ்அப் குழுவைத் திறந்து பழைய கேள்விகளைப் பாருங்கள். "ஆன்டி மார்கோவ்னிகாஃப்" என்று கேட்டிருப்பார்கள், நீங்கள் வகுப்பில் "பெராக்சைடு விளைவு" என்று சொல்லியிருப்பீர்கள், புத்தகத்தில் "காராஷ் விளைவு" என்று இருக்கும். மூன்றும் ஒன்று. பழைய அட்டைப் பெட்டிக் காலத்தில் நாங்கள் இதற்குக் "காண்க" அட்டை என்று ஒன்று வைப்போம். வாசகர் எந்தப் பெயரில் வந்தாலும் அந்தப் பெயரில் ஒரு அட்டை இருக்கும், அது சரியான இடத்துக்கு அனுப்பிவைக்கும். உங்கள் ஷீட்டிலும் மூன்று பெயரையும் ஒரே கட்டத்தில் எழுதிவிடுங்கள். ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்து தேடும் பிள்ளைகளுக்காக அந்த எழுத்துக்கூட்டலையும் பக்கத்திலேயே சேருங்கள்.

தமிழில் தேடுவதற்கென்று ஒரு சங்கடம் இருக்கிறது. இதைப் பலரும் கவனிப்பதில்லை. நம் மொழியில் சொல் வேற்றுமை ஏற்றால் அதன் வால் மாறிவிடும். "கரைப்பான்" என்று தேடினால் "கரைப்பானில்" என்று எழுதியிருக்கும் இடம் பல தேடல்களில் அகப்படாது. "அமிலம்" என்று தேடினால் "அமிலத்தை" வராது. "பதிலீடு" என்று தேடினால் "பதிலீட்டு வினை" வராது. பிள்ளைகள் தேடிப் பார்த்துவிட்டு "இதுல இல்ல" என்று மூடிவிடுவார்கள். நான் அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது ஒரே வரிதான்: கடைசி எழுத்தை விட்டுவிட்டுத் தேடு. "கரைப்பா", "அமில", "பதிலீ". ஷீட்டின் தலைமாட்டிலேயே இந்த வரியை எழுதி வையுங்கள்.

உங்கள் பழைய பாடக்குறிப்புகள் பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்தவையாக இருந்தால், அவற்றை எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றாமல் ஷீட்டில் ஒட்டாதீர்கள். கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது வேறு எழுத்துகள், எந்தத் தேடலுக்கும் சிக்காது. தமிழ்நாடு அரசு 2010-லேயே யூனிகோடை ஏற்றுக்கொண்டுவிட்டது. இருந்தும் கல்லூரிகளில் பழைய எழுத்துருக் கோப்புகள் இன்னும் குவிந்து கிடக்கின்றன. மாற்றிய பிறகும் ஒரு சோதனை செய்து பாருங்கள். "கொ" என்ற எழுத்தை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலும் தனித்தனியாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும், ஆனால் சில செயலிகள் அவற்றை இரண்டு வேறு எழுத்துகளாக எண்ணிக்கொள்ளும். "கொதிநிலை" என்று தேடிப் பார்த்து வரவில்லையென்றால் அந்த ஒரு சொல்லை மறுபடி கையால் தட்டச்சு செய்து பாருங்கள், காரணம் புரிந்துவிடும்.

இனி ஏஐ. கையில் வெண்ணெய் இருக்க நெய்க்கு அலைய வேண்டாம் என்பேன். பேச்சை எழுத்தாக்க விஸ்பர் என்ற மென்பொருளை ஓப்பன்ஏஐ 2022 செப்டம்பரில் இலவசமாகவே வெளியிட்டது. தமிழும் அதற்குத் தெரியும். நல்ல கணினி ஒன்று இருந்தால் இணையம்கூட வேண்டாம், வீடியோவைக் கொடுத்தால் நேரக் குறிப்போடு சப்டைட்டில் கோப்பு வந்துவிடும். சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழுவும் இந்திய மொழிகளுக்கென்றே இப்படிப்பட்ட மாதிரிகளை உருவாக்கி இலவசமாகக் கொடுத்திருக்கிறது. உங்கள் கல்லூரியின் கணினித் துறை மாணவர் ஒருவர் அரை நாளில் நிறுவிக் கொடுத்துவிடுவார்.

ஆனால் வரும் எழுத்தை அப்படியே நம்பிவிடாதீர்கள். இதை நான் பட்டுத்தான் சொல்கிறேன். எங்களிடம் முதல் முறை இருபது வகுப்புகளின் எழுத்து வடிவம் தயாரானதும், எவ்வளவு பெரிய உதவி என்ற மகிழ்ச்சியில் சரிபார்க்காமல் மாணவர்களுக்கு அனுப்பிவிட்டேன். ஆசிரியர் "கார்போகேட்டையான்" என்று சொன்ன இடத்தில் பல வரிகளில் "கார்பானியன்" என்று விழுந்திருந்தது. உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, முன்னது நேர் மின்சுமை, பின்னது எதிர் மின்சுமை. உள் மதிப்பீட்டுத் தேர்வில் மூன்று பேர் அப்படியே எழுதி வைத்தார்கள். அந்த விடைத்தாள்களை ஆசிரியர் என் மேசைக்குக் கொண்டுவந்து காட்டியபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. தவறு அந்தப் பிள்ளைகளுடையது இல்லை, என்னுடையது. அந்த மூவரிடமும் நேரில் போய்ச் சொன்னேன். ஆசிரியரும் மதிப்பெண்ணைத் திருத்திக் கொடுத்தார்.

அதன் பிறகு நாங்கள் எல்லாவற்றையும் வரிக்கு வரி திருத்துவதில்லை, அது முடியாத காரியம். ஒலி ஒட்டி, பொருள் விலகும் சொற்களை மட்டும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, அவை வரும் இடங்களைத் தேடிக் கேட்டுப் பார்க்கிறோம். ஈத்தேன், ஈத்தீன், ஈத்தைன் மூன்றும் ஒன்றுக்கொன்று மாறி விழும். நேரயனி, எதிரயனி போலவே ஆக்சிஜனேற்றம், ஆக்சிஜன் ஒடுக்கம் என்பதில் பின்பாதி விழுங்கப்பட்டுவிடும். எண்களும் அப்படித்தான். உங்கள் பாடத்துக்கு நாற்பது சொல் தேறும். அந்த நாற்பதில் முக்கியமான சிலவற்றை முதலிலேயே விஸ்பருக்குக் குறிப்பாகக் கொடுத்தால் பிழை குறையக்கூடும்.

இன்னும் இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். மொழியைச் சொல்லாமல் விட்டால் விஸ்பர் முதல் 30 வினாடியைக் கேட்டுவிட்டு மொழியை முடிவு செய்யும். நாமெல்லாம் "குட் மார்னிங் ஸ்டூடண்ட்ஸ், டுடே வீ வில் சீ" என்று தொடங்கிவிட்டு, வருகைப் பதிவு முடிந்ததும் தமிழுக்கு வருகிறவர்கள். அது ஆங்கிலம் என்று முடிவுகட்டி, மீதி 49 நிமிடத் தமிழையும் ஆங்கிலமாக எழுதப் பார்க்கும். தமிழ் என்று நாமே குறிப்பிட்டுவிட வேண்டும். அடுத்தது, நீங்கள் பேசாமல் கரும்பலகையில் வரையும் நேரம். அந்த மௌனத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும் இருக்கும். விஸ்பர் சும்மா இருக்காது, முந்தைய வரியையே ஐந்தாறு முறை எழுதும், சில சமயம் நீங்கள் சொல்லாததையும் எழுதும். எழுத்து வடிவத்தில் ஒரே வரி அடுக்கடுக்காக வந்தால் அங்கே நீங்கள் ஏதோ வரைந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளலாம். எனக்கு அது வேறு விதத்தில் உதவுகிறது. அந்த நேரத்தில் வீடியோவை நிறுத்தி, போர்டைப் படம் எடுத்துக்கொள்கிறேன்.

அந்தப் போர்டுப் படங்களை ஷீட்டில் லிங்க்குக்குப் பக்கத்தில் வைக்கிறோம். டேட்டாவை மிச்சம் பிடிக்க மாணவர்கள் வீடியோவை மங்கலான தரத்தில் ஓட்டுவார்கள், அதில் போர்டு எழுத்து படிக்க முடியாது. தெளிவான ஒரு படம் இருந்தால் வீடியோவை மங்கலாகவே வைத்துக்கொண்டு, காதால் கேட்டபடி படத்தைப் பார்ப்பார்கள். ஒலியை மட்டும் தனியாகப் பிரித்துக் கொடுப்பதும் நல்லது. 64 கிலோபிட் அளவில் ஒரு மணி நேர ஒலி 30 எம்பிக்குள் அடங்கிவிடும். பண்ருட்டியிலிருந்தும் குறிஞ்சிப்பாடியிலிருந்தும் வரும் பிள்ளைகள் பஸ்ஸிலேயே கேட்டுக்கொண்டு வரலாம்.

இனிமேல் எடுக்கும் வகுப்புகளில் ஒரே ஒரு பழக்கத்தை மாற்றிக்கொண்டால் பாதி வேலை குறையும். போர்டைக் காட்டி "இது இங்க வருது, அது அங்க போகுது" என்று சொல்வதை விட்டுவிட்டு, பெயரைச் சொல்லுங்கள். "புரோமைடு அயனி விலகுது, ஹைட்ராக்சைடு பின்பக்கமா வந்து தாக்குது" என்று சொன்னால் எழுத்து வடிவத்தில் அந்தச் சொற்கள் இருக்கும், தேடினால் கிடைக்கும். "இது, அது" என்று மட்டும் இருந்தால் எந்த மென்பொருளாலும் கண்டுபிடிக்க முடியாது. புதுத் தலைப்புக்கு மாறும்போது ஒரு மூச்சு நிறுத்தி, தலைப்பை முழுதாகச் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். காலர் மைக் ஒன்று வாங்குங்கள். நான் சிபாரிசு செய்யும் செலவு அது ஒன்றுதான்.

திருத்திய எழுத்து வடிவங்கள் சேர்ந்த பிறகு, கேள்வி கேட்டால் பதில் சொல்லும் ஏஐ கருவிகள் உண்மையிலேயே பயன்படும். கூகுளின் நோட்புக்எல்எம் போன்றவை நாம் கொடுத்த கோப்புகளிலிருந்து பதில் எடுத்து, எந்த இடத்திலிருந்து எடுத்தது என்பதையும் காட்டுகின்றன. உள்ளே தப்பான அயனி போனால் வெளியேயும் தப்பான அயனிதான் வரும். ஆகவே வரிசையை மாற்றாதீர்கள்: முதலில் திருத்தம், பிறகு கருவி.

தேடிக் கிடைத்துவிட்டால் படித்தாகிவிட்டது என்று ஆகிவிடாது. அந்த நான்கு நிமிடத்தையே ஐந்து முறை பார்த்துவிட்டுப் புரிந்துவிட்டது என்று போகும் பிள்ளைகளை நான் தினமும் பார்க்கிறேன். உளவியலாளர்கள் ரோடிகர், கார்பிக்கி இருவரும் 2006-ல் வெளியிட்ட சோதனை இந்த விஷயத்தில் தெளிவானது. ஒரு பகுதியை மறுபடி மறுபடி படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நன்றாகச் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவில் வைத்திருந்தவர்களோ, புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள். அதனால் ஷீட்டில் ஒவ்வொரு லிங்க்குக்கும் முன்னால் ஒரு கேள்வி வையுங்கள். "மூவிணைய ஹாலைடு எஸ்என்2 வழியில் ஏன் போக மறுக்கிறது? ஒரு தாளில் எழுதிவிட்டு 36:05-க்குப் போ." வினாத்தாள் கேள்விகளே இதற்குப் போதும். எங்கள் ஷீட்டில் பிள்ளைகள் அதிகம் தொடும் பத்தியும் இதுதான்.

140 வீடியோவுக்கு இவ்வளவும் நான் ஒருத்தி எப்படிச் செய்வது என்று கேட்பீர்கள். 1.5 மடங்கு வேகத்தில் ஓட்டினால் 50 நிமிட வகுப்பு 35 நிமிடத்துக்குள் முடிந்துவிடும், எழுதுவதையும் சேர்த்தால் ஒரு மணி நேரம். மொத்தம் 140 மணி நேரம். தனியாகச் செய்யாதீர்கள். திருப்பாதிரிப்புலியூர் தேர் ஒருவர் கை வைத்தா நகர்கிறது? இறுதியாண்டு மாணவர்களுக்கு ஆளுக்கு இரண்டு வீடியோ கொடுங்கள். ஒரு வீடியோவை இரண்டு பேர் தனித்தனியாகச் செய்யட்டும். இருவரும் ஒரே இடத்தில் தலைப்பைப் பிரித்திருந்தால் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள், வேறுபட்ட இடங்களை மட்டும் நீங்கள் பாருங்கள். ஒரு வகுப்பை எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று பிரித்துத் தலைப்பு வைப்பதே பாடத்தை நன்றாகப் படிப்பதுதான். எங்களிடம் இதைச் செய்த மாணவர்கள் அந்த அலகில் யாரிடமும் சந்தேகம் கேட்கவில்லை. அவர்கள் பெயரை ஷீட்டின் அடியில் போடுங்கள், மதிப்பீட்டில் சில மதிப்பெண்களும் கொடுங்கள்.

வரிசைப்படி முதல் வீடியோவிலிருந்து தொடங்க வேண்டாம். வாட்ஸ்அப்பில் அதிகம் கேட்கப்பட்ட பத்தை முதலில் எடுங்கள். யாரும் கேட்காத வீடியோக்கள் குறைந்தது நாற்பது இருக்கும், அவை காத்திருக்கட்டும்.

தொடங்கும் முன் ஒரு வேலை. தாமதமாக வந்த மாணவரைப் பெயர் சொல்லிக் கண்டித்த இடம், தவறான விடை சொன்னவரைப் பார்த்து வகுப்பு சிரித்த இடம், இவை எல்லாப் பதிவுகளிலும் இருக்கும். இதுவரை யாரும் அங்கே போகவில்லை. நாம் வழி போட்டுக் கொடுத்த பிறகு போவார்கள். யூடியூப் ஸ்டுடியோவின் எடிட்டரிலேயே அந்தப் பகுதியை நீக்கலாம், லிங்க் மாறாது. ஆனால் நீக்கினால் அதன் பிறகு வரும் நேரங்கள் எல்லாம் நகர்ந்துவிடும். எனவே நீக்கத்தை முடித்துவிட்டு அட்டவணை போடுங்கள்.

கடைசியாக, காது சரியாகக் கேட்காத அந்த மாணவி. இந்த வேலையில் அவருக்கு இருக்கும் தேவை மற்ற எல்லோருடையதையும்விடப் பெரியது. மற்றவர்களுக்கு எழுத்து வடிவம் தேடுவதற்கு, அவருக்கு அதுதான் வகுப்பே. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 அவருக்குப் படிக்கும் வசதியை உரிமையாகத் தருகிறது, அதைச் சொல்லியே கல்லூரி நிர்வாகத்திடம் கணினியும் ஆள் உதவியும் கேட்கலாம். அவருக்கான சப்டைட்டிலில் நாற்பது சொல் சரிபார்ப்பு மட்டும் போதாது, வரிக்கு வரி திருத்த வேண்டும். வரி இரண்டுக்கு மேல் போகாமல், போர்டை மறைக்காமல் இருக்க வேண்டும். பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்ட கேள்வியையும் எழுத வேண்டும், இல்லையென்றால் நீங்கள் ஏன் திடீரென்று அந்தப் பதிலைச் சொல்கிறீர்கள் என்று அவருக்குத் தெரியாது. ஒரு வீடியோவுக்கு மூன்று நான்கு மணி நேரம் பிடிக்கும். அவர் அடுத்து எழுதப் போகும் தேர்வில் எந்த அலகு வருகிறது என்று அவரிடமே கேட்டு, அந்த வீடியோக்களை இந்த வாரமே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வீடியோ முடிந்ததும் அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து ஓட்டிக் காட்டுங்கள். எங்கே வேகமாகப் போகிறது, எங்கே புரியவில்லை என்று அவர் காட்டும் இடங்களைக் குறித்துக்கொண்டு இரண்டாவதைத் தொடங்குங்கள்.